ஒழுகும் தொட்டியில் ஒண்டுக் குடித்தனம்

சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளின் மொட்டை மாடிக்குப் போனால், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு மீன்தொட்டி கவிழ்ந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள் முதல் சம்பளத்தில் கொளத்தூர் போய், கோல்டு ஃபிஷ்ஷோடு சேர்த்து வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்ததாக இருக்கும். மீன் செத்துப்போகும், அல்லது ஒப்பந்தம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அடுத்து வருகிறவர்கள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். மூலையில் கசியும். அதோடு தொட்டி மாடிக்குப் போய்விடும்.

இந்தத் தொட்டிக்கு மறுபடி ஆள் தேடி வருவது இரண்டு காரணங்களுக்காக. யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பிராட்வே பக்கம் போய் ஒரு ஜோடி ஹாம்ஸ்டர் வாங்கி வந்திருப்பார், அது மூன்றே வாரத்தில் பத்தாகியிருக்கும். இல்லையென்றால் காற்றடித்த ஒரு சாயங்காலம் வேப்பமரத்திலிருந்து அணில் பிள்ளை விழுந்திருக்கும். “அண்ணே, பழைய மீன்தொட்டி சும்மாதான் கிடக்கு. அதுல விட்டா என்ன?” என்று டீக்கடையில் கேட்பார்கள்.

விடலாம் தம்பி. ஆனால் சில வாரங்களுக்கு மட்டும். அதுவும் தொட்டியைக் கொஞ்சம் பிரித்துப்போட்ட பிறகு. ஏன் பிரிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த டீ.

முதலில் கண்ணாடியின் பக்கம் நின்று பேசுவோம். இந்த வட்டாரத்துக்குக் கண்ணாடி சொந்த ஊர்ச் சரக்கு. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி செய்கிறது. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு இழுப்பார்கள். இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் உலகுக்கு அறிவித்த முறை அது. மிதந்து ஆறுவதால் இரண்டு முகமும் தேய்த்து மெருகேற்றாமலே வழவழவென்று வரும். அந்த வழவழப்புதான் நமக்கு முதல் லாபம். கொறிக்கும் பிராணிகளுக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். மரமோ பிளாஸ்டிக்கோ விளிம்பு கிடைத்தால் போதும், ஒரே ராத்திரியில் ஓட்டை விழும். கண்ணாடிச் சுவரில் பல் மாட்டுவதற்கு விளிம்பே கிடையாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹாம்ஸ்டரின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தின் வாரிசுகள். 1930 ஏப்ரலில் சிரியாவின் அலெப்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை வயலைத் தோண்டி, எட்டடி ஆழத்தில் ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர். தோண்டிய பதற்றத்தில் தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. எஞ்சிய குட்டிகளில் கைவசம் தங்கியவற்றை ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கூண்டில் வைத்தார்கள். கூண்டுக்கு மரத் தரை. விடிந்து பார்த்தால் ஐந்து குட்டிகள் தரையைக் கொறித்துத் தப்பியிருந்தன, அவை பிழைக்கவில்லை. மிச்சமிருந்த மூன்று நான்கிலிருந்துதான் உலகம் முழுக்கப் பரவிய கூட்டம் வந்தது. அந்தக் கூண்டின் தரை இன்னும் கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் பிராட்வேயில் இன்று ஹாம்ஸ்டர் என்ற பேச்சே இருந்திருக்காது.

ஹாம்ஸ்டரை எதற்காகத் தேடிப் போனார்கள் என்பதும் கேட்க வேண்டிய கதைதான். சால் ஆட்லர் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளருக்குக் காலா அசார் காய்ச்சலை ஆராய ஒரு சின்னப் பிராணி தேவைப்பட்டது. அவர் வைத்திருந்த சீன ஹாம்ஸ்டர்கள் அடைப்பில் குட்டி போட மறுத்தன. அந்தக் காய்ச்சலின் கிருமியை 1903இல் கண்டு சொன்ன இருவரில் ஒருவர் சார்லஸ் டோனோவன், நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கிருமியின் பெயரிலேயே அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ரூமில் சக்கரம் சுற்றும் ஹாம்ஸ்டருக்கும் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

சரி, தொட்டிக்கு வருவோம். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டிதான் நம் பக்கம் அதிகம் கிடைக்கும். ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் காலித் தொட்டி சுமார் 9 கிலோ வரும். தண்ணீர் நிரப்பினால் இன்னொரு 50 கிலோவுக்கு மேல் ஏறும். ஹாம்ஸ்டர் போன்ற எலி வகைக்கு வைக்கும்போது அந்தப் பாரம் இல்லை, ஆகவே சாதாரண மேஜையே தாங்கும். கசிவைப் பற்றியும் கவலையில்லை. மீனுக்கு ஆகாத தொட்டி எலிக்கு ஆகும் என்று சொல்வதன் அர்த்தம் இவ்வளவுதான். கூடவே, படுக்கையாக ஆழமாகத் தூள் பரப்பினால் வெளியே சிந்தாது. உள்ளே நடப்பது முழுக்கத் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும்.

இனி குறை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

மீன்தொட்டி தண்ணீரைப் பிடித்து வைக்கச் செய்த சாமான். அடியும் நான்கு பக்கமும் அடைப்பு. அதில் காற்றும் தேங்கும். எலியின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. தூளில் வளரும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா காற்றைவிட லேசானதுதான், மேலே போய்விடும் என்று பாடப் புத்தகத்தைக் காட்டி வாதாடலாம். ஆனால் அது பிறக்கிற இடம் தரை. எலியின் மூக்கும் தரையிலிருந்து ஓரிரு அங்குலத்தில்தான் இருக்கிறது. காற்று அசையாத பெட்டியில் அது கலைந்து மேலேறும் முன்பே பிராணி அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கும். மேலேயிருந்து குனிந்து பார்க்கும் நமக்கு நாற்றம் எட்டுகிறது என்றால், உள்ளே இருப்பதற்கு அது எப்போதோ எட்டிவிட்டது. வெள்ளெலிகளின் மூச்சுக் குழாயில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி சத்தமில்லாமல் குடியிருப்பது சகஜம். அம்மோனியா அதைக் கிளப்பிவிடும். தும்மல், மூக்கோரம் சிவப்புக் கசிவு, பிறகு கரகர மூச்சு. “குளிர் பிடிச்சிருக்குண்ணே” என்பார்கள். குளிரில்லை, காற்றில்லாமை.

ஆய்வுக்கூடங்களில் எலி வளர்க்க இந்திய அரசின் விலங்குப் பரிசோதனைக் கண்காணிப்புக் குழு வகுத்த வழிகாட்டுதல் இருக்கிறது. வெப்பம் 18 முதல் 29 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், அறைக் காற்று மணிக்கு 12 முதல் 15 தடவை மாற வேண்டும் என்கிறது. ஊசி போட வளர்க்கும் எலிக்கு இந்த மரியாதை. ஆசையாக வளர்க்கும் எலிக்கு நாம் தருவதோ, மூடிபோட்ட கண்ணாடிப் பெட்டி.

அடுத்தது வெயில். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான பொருள்கள் வீசும் வெப்பக் கதிரை வெளியே விடாது. மூடிய காரை வெயிலில் நிறுத்தினால் நடப்பதுதான் ஜன்னலோரத் தொட்டியிலும் நடக்கும். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வெளியிலேயே 40 டிகிரி தொடுகிறது. சிமென்ட் ஷீட் போட்ட அறைக்குள் பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று சி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்க முயன்றவர்களுக்குத் தெரியும். நமக்காவது வேர்க்கும். எலிக்கு உடம்பில் வேர்வை கிடையாது, நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கவும் தெரியாது. பெரிய எலிகள் வால் வழியாகச் சூட்டைக் கழிக்கும். ஹாம்ஸ்டருக்கு வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஃபேன் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஃபேன் நம்மைக் குளிரவைப்பது வேர்வையை உலர்த்தி. வேர்க்காத பிராணிக்கு ஃபேன் காற்றை மாற்றித் தரும், சூட்டைப் பெரிதாகக் குறைக்காது.

ஆக, வேலை காற்றில் தொடங்க வேண்டும். தொட்டியின் சின்னப் பக்கங்களில் ஒன்றைக் கழற்றிவிடச் சொல்கிறேன். மேல்மூடியை மட்டும் வலையாக மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் திருப்தியில்லை. மேலே மட்டும் திறப்பு என்றால் காற்று உள்ளே போய்ச் சுற்றி வர வழியில்லை. பக்கத்திலும் ஒரு திறப்பு இருந்தால் போகவும் வரவும் இரண்டு வாசல். தண்ணீர் அழுத்தம் இல்லாததால் ஒரு பக்கம் போனாலும் மற்ற மூன்றும் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கழற்றுவது கஷ்டமில்லை. மூலைகளில் இருப்பது சிலிக்கோன் பசை. புது பிளேடை உள்பக்கமும் வெளிப்பக்கமும் நிதானமாக ஓட்டினால் பசை விட்டுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு நெம்பாதீர்கள். கழற்றிய கண்ணாடியைக் கடையில் கொடுத்து ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டி வாங்கி, அதையே கீழ்ப்பகுதியில் திரும்ப ஒட்டுங்கள். தூள் சிந்தாமல் தடுக்க அது வேண்டும். அதற்கு மேலே இரும்புக் கம்பிவலை. கொசுவலை, பிளாஸ்டிக் வலை இரண்டும் ஆகாது, கடித்துத் தள்ளிவிடும். ஹார்டுவேர் கடையில் வெல்ட் மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரிய ஹாம்ஸ்டருக்கு அரை அங்குலக் கண் போதும். வெள்ளைச் சுண்டெலிக்கும் குட்டிகளுக்கும் கால் அங்குலம்தான். தலை நுழைந்தால் எலி நுழைந்துவிடும். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் காட்டாமல் ஒரு சட்டத்துக்குள் மடக்குங்கள். மேல்மூடிக்கும் இதே வலை, இரண்டு பக்கமும் கிளிப்.

சிலிக்கோன் காயும்போது வினிகர் வாசனை அடிக்கும். அந்த வாசனை முழுக்கப் போகும்வரை, இரண்டு நாளாவது, பிராணியை உள்ளே விடக்கூடாது. விட்ட பிறகும் மூலையில் துருத்தும் சிலிக்கோனைக் கொறிக்கிறதா என்று பாருங்கள். கொறித்தால் அந்தத் துருத்தலைச் சீவிவிடுங்கள். இன்னொன்று: சில தொட்டிகளில் அடிக்கண்ணாடி டஃபன்டு வகையாக இருக்கும். அதை வெட்டவோ துளையிடவோ போனால் மொத்தமும் பொடிப்பொடியாகும். வெட்டுகிற வேலையைக் கடைக்காரரிடமே விடுங்கள்.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். இங்குள்ள போர் தண்ணீர் உப்பு, கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படிந்திருக்கும். எலுமிச்சையோ வினிகரோ தடவி ஊறவிட்டால் கரையும். சிலர் அதோடு பிளீச்சிங் பவுடரையும் கரைத்து ஊற்றுவார்கள். கூடவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், எலிக்கு முன்னால் உங்களுக்குத்தான் மூச்சு முட்டும். ஒன்றால் கழுவி, நன்றாக அலசி, காயவைத்து, வேண்டுமானால் மறுநாள் மற்றது. மீன் நோய்க்கு ஊற்றிய நீல, பச்சை மருந்துகளின் சாயம் பழைய கூழாங்கற்களில் ஏறியிருக்கும். கல்லைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஹீட்டர், மோட்டார், டியூப்லைட் மாட்டிய மூடி எல்லாவற்றையும் ஒயரோடு அகற்ற வேண்டும். ஒயரைக் கண்டால் எலி விடாது.

கீழே என்ன பரப்புவது? ஒரகடம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு உடனே பேலட் ஞாபகம் வரும். பைன் மரப் பேலட்டுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன, சீவினால் தூள். அவசரப்படாதீர்கள். பைன் போன்ற வாசனை மரங்களில் உள்ள ஆவிகள் எலியின் மூச்சுக்கும் ஈரலுக்கும் நல்லதல்ல. ஏற்றுமதிப் பேலட்டில் முத்திரை ஒன்று இருக்கும். எச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியது, எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எச்டி முத்திரை இருந்தாலும் அதன்மேல் எந்த எண்ணெய், எந்தக் கெமிக்கல் கொட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பேலட்டை விட்டுவிடலாம். மரப் பட்டறைத் தூளும் வேண்டாம், மாவு மாதிரி நைசாக இருந்து மூக்கில் ஏறும்.

நல்லது என்றால் அச்சில்லாத காகிதத்தைக் கிழித்துப் போடுவது, அட்டைப்பெட்டியைப் பட்டையாகக் கிழிப்பது, நன்றாகக் காய்ந்த வைக்கோலை நறுக்குவது. மூன்றையும் கலந்தால் தோண்டுகிற வளை இடியாமல் நிற்கும். அட்டைப்பெட்டிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. டேப்பையும் பின்னையும் உரித்துவிட வேண்டும். கூடவே வரும் தெர்மோகோல், பபிள் ஷீட், சிலிக்கா ஜெல் பொட்டலம் எதுவும் உள்ளே போகக்கூடாது. கம்பெனிக்குள்ளிருந்து அட்டை எடுத்து வருவதானால் கேட் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். எலிக்காக வேலை போனதென்று ஊரில் போய்ச் சொல்ல முடியாது.

ஆழம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எட்டடி ஆழத்தில் குடியிருந்த வம்சம், தோண்டாமல் இருக்காது. ஆறு அங்குலமாவது வேண்டும். ஆனால் தொட்டி உயரமே பன்னிரண்டு அங்குலம். பெரிய ஹாம்ஸ்டருக்கு எட்டு அங்குலச் சக்கரம் தேவை, சின்னதென்றால் முதுகு வளைந்துவிடும். ஆறும் எட்டும் பதினான்கு, மூடி மூடாது. வழி இருக்கிறது: தரையைச் சரிவாகப் போடுங்கள். கண்ணாடி மூடியிருக்கும் கோடியில் ஆழமாகத் தூள், வலை வைத்த கோடியில் இரண்டு அங்குலம். அந்த மேட்டுக்கு ஒரு அட்டைத் தடுப்பு. சக்கரம் தாழ்வான பக்கம் நிற்கட்டும். கம்பிக் கம்பியாக இருக்கும் சக்கரத்தில் கால் சிக்கும், ஓடும் பரப்பு மூடியிருப்பதாக வாங்குங்கள். சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும், அது இரவு விழிக்கும் பிராணி. பி ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் அறைக்கு வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஏ ஷிஃப்ட்டுக்கு விடியற்காலை எழுகிற ரூம்மேட் இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. விஷம் எடுப்பதற்காகப் பிடித்து வரும் பாம்புகளை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி, சில வாரம் வைத்திருந்து மறுபடி காட்டில் விடுகிறார்கள். தற்காலிக வாசத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது கண்ணாடியை இல்லை. மண் மூச்சுவிடும், சூட்டை வாங்காது. அந்தப் புத்தியை நாமும் கடன் வாங்கலாம். வாய் உடைந்த சின்ன மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து உள்ளே வையுங்கள், ஹாம்ஸ்டர் பகல் முழுக்க அதற்குள்தான் கிடக்கும். ஒரு மூலையில் கடப்பா கல் துண்டு போட்டால் அதன்மேல் வயிற்றை அப்பிக்கொண்டு படுக்கும். உச்சி வெயில் நாளில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கச் சுவரோடு சாய்த்து வைக்கலாம். பிராணியை நனைக்காதீர்கள். தொட்டி தரைத்தளத்தில், ஜன்னல் வெயில் படாத சுவரோரம் இருக்க வேண்டும். மொட்டை மாடி அறையில் மே மாதம் வளர்க்கவே வேண்டாம், வேறு யார் வீட்டிலாவது விடுங்கள்.

எறும்பு இன்னொரு எமன். பிறந்த குட்டி இருக்கும் தொட்டியை எறும்பு மொய்த்தால் காலையில் ஒன்றும் மிஞ்சாது. மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி வீட்டுப் பலகார அலமாரிக்குச் செய்ததுபோல. அந்தத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

சாப்பாட்டை நீட்டப்போவதில்லை. கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் முளைகட்டிய பயறு, வெள்ளரி, கேரட். மிச்ச சாதம் வேண்டாம். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டைப் போட்டு எடை பார்த்தார். தீட்டிய அரிசியை நம்பிய சென்னைச் சாப்பாடு கடைசியில் வந்தது, கோதுமை ரொட்டியும் பாலும் பயறும் கீரையும் சேர்ந்த சீக்கியர் சாப்பாடு முதலில். அவர் வைத்திருந்த ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் தட்டைப் பற்றி எலி சொன்ன தீர்ப்பு அது. தீனியை இரவில் தொட்டிக்கு வெளியே திறந்து வைக்காதீர்கள். ஊர் எலி தேடி வரும், அதன் சிறுநீர் பட்டால் எலிக்காய்ச்சல் உங்களுக்கும் வரலாம். தொட்டியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

யாரை விடலாம், யாரைக் கூடாது? ஹாம்ஸ்டர் வளர்ந்த பிறகு தனிக்கட்டை. ஒரு தொட்டிக்கு ஒன்று. இரண்டை விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும், ஜோடியாக விற்பவர் அதைச் சொல்வதில்லை. வெள்ளைச் சுண்டெலி கூட்டம் விரும்பும், ஆனால் சிறுநீர் நெடி அதிகம். இரண்டு மூன்று பெட்டை என்றால் சமாளிக்கலாம். கினி பிக்கைக் கண்ணாடித் தொட்டியில் விடவே கூடாது என்பது என் முடிவு. உடம்பு பெரிது, நிறையச் சிறுநீர் கழிக்கும், துணை இல்லாமல் ஏங்கும். நம்மைப் போலவே அதன் உடம்பிலும் வைட்டமின் சி உண்டாகாது, தினமும் கொய்யாவோ குடைமிளகாயோ கிடைக்க வேண்டும். அதற்கு வேண்டியது அகன்ற தரை.

அணில் பிள்ளையின் கதை வேறு. அது காட்டு உயிர், வளர்க்கும் பிராணி இல்லை. விழுந்ததை எடுத்தால் முதல் வேலை, ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அதே மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டுத் தள்ளி நிற்பது. பகல் வெளிச்சத்தில் தாய் வந்து கவ்விக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா. பூனை நடமாட்டம் இருந்தாலோ இருட்டிவிட்டாலோ மட்டும் தொட்டி. அப்போது பாதித் தொட்டிக்குக் கீழே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள், மறுபாதி ஆறியிருக்கட்டும். சூடு வேண்டுமென்றால் இங்கே வரும், அதிகமானால் அங்கே நகரும். கண் திறக்காத பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதையும் ஊட்டக்கூடாது, செரிக்காது. பசும்பாலை வாயில் பீய்ச்சினால் மூக்கேறி நுரையீரலுக்குள் போய்விடும். ராத்திரி முழுக்கக் கதகதப்பாக வைத்திருந்து, விடிந்ததும் கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸையோ கூப்பிட்டுக் கேளுங்கள். பத்து வாரம்வரை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை அது. ரீல்ஸ் எடுக்கிறேன் என்று இரண்டு வாரம் வைத்திருந்தால், மரம் ஏறத் தெரியாத அணில் ஒன்றை உண்டாக்கிவிடுவீர்கள்.

எத்தனை நாள் தாங்கும் இந்த ஏற்பாடு? ஜெர்மனியில் விலங்கு நலக் கால்நடை மருத்துவர்கள் ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம் தரை வேண்டும் என்கிறார்கள். நம் இரண்டடித் தொட்டியின் தரை அதில் பாதிகூட வராது. ஆகவே இது குட்டிகளைப் பிரிக்கும்போது, வீடு மாறும்போது, கூண்டு கடித்து ஓட்டை விழுந்து புதுசு வரும்வரை, நோயுற்றதைத் தனியே வைக்கும்போது பயன்படும் இடம். ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக வளர்ப்பதானால் நாலடித் தொட்டி தேடுங்கள், பழையதாகவே கிடைக்கும். ஈரமான மூலையைத் தினமும் ஒரு கரண்டியால் அள்ளுங்கள், மொத்தத் தூளையும் ஒரேயடியாக மாற்றாமல் பாதிப் பாதியாக மாற்றுங்கள். தன் வாசனை முழுக்கப் போய்விட்டால் அது மிரளும். வளர்க்க முடியாமல் போனால் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். சிரியா தேசத்துப் பிராணி, காக்கைக்கும் பூனைக்கும் ஒரு நாள் தாங்காது.

ஜோடியாக வாங்கி வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாம்ஸ்டரின் கர்ப்பம் 16 நாள்தான். குட்டிகள் நான்கு வாரம் ஆவதற்குள் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும், தாமதித்தால் அவையும் குட்டி போடும். பெட்டையின் வயிறு உப்பும்வரை காத்திராமல் இன்றே ஆணை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பக்கத்து மாடிகளில் இன்னும் இரண்டு பழைய தொட்டி இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள்.